மூட்டு மாற்றிய பின்: வலியோடு மூன்று மாதம்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்த மூன்றாம் நாள், "இதுக்கு அந்தப் பழைய வலியே தேவலாம் போலிருக்கே" என்று புலம்பாத நோயாளி குறைவு. அவர் மிகைப்படுத்தவில்லை. பத்து வருடமாகத் தேய்ந்துவந்த மூட்டின் வலி அவருக்குப் பழகிய வலி. எத்தனை படி ஏறினால் குத்தும், எவ்வளவு நேரம் நின்றால் பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் அத்துப்படி. இப்போது வந்திருப்பது அறுத்துத் தைத்த காயத்தின் வலி. பழைய வலி வருடத்துக்கு வருடம் கூடியது; இது வாரத்துக்கு வாரம் குறையும். ஆனால் ஒரே சீராகக் குறையாது. இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மூன்றாம் நாள் மறுபடி படுத்தும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

வலி அடியோடு போய்விட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கவும் வேண்டாம். முழங்காலை மடக்கி நீட்ட முடிகிறதா, வாக்கரைப் பிடித்துக் கழிவறைவரை போய்வர முடிகிறதா, இரவில் சேர்ந்தாற்போல நான்கு மணி நேரமாவது தூங்க முடிகிறதா? இந்த மூன்றுக்கும் இடம் கொடுக்கும் அளவுக்கு வலி அடங்கியிருந்தால் போதும். இதில் ஏதாவது ஒன்று முடியவில்லை என்றாலும் மருந்து போதவில்லை என்று பொருள். மூன்றும் முடிந்த பிறகும் "கொஞ்சம்கூட வலிக்கக் கூடாது" என்று மருந்தைக் கூட்டினால் தலைசுற்றலும் மலச்சிக்கலும்தான் மிஞ்சும்.

எங்கே வலிக்கிறது, ஏன்

அறுவையில் தொடை எலும்பின் அடிமுனையையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையையும் சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி, அங்கே உலோகப் பாகங்களைப் பொருத்துகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் பாலிஎத்திலீன் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் தகடு இருக்கும். உலோகத்துக்கோ பிளாஸ்டிக்குக்கோ வலி கிடையாது. வலிப்பது சீவப்பட்ட எலும்பும், ஒதுக்கப்பட்ட தசையும், வெட்டித் தைக்கப்பட்ட மூட்டு உறையும்தான். உள்ளே கசிந்த ரத்தமும் நீரும் சேர்ந்து வீக்கமாகி, அந்த இறுக்கமும் வலியாகவே தெரியும். பலருக்கு முதல் இரண்டு வாரம் தைத்த இடத்தைவிட வீக்கம்தான் அதிகம் படுத்தும்.

"ஆபரேஷன் முழங்கால்லதானே, தொடை ஏன் இப்படி விண்ணுவிண்ணுனு தெறிக்குது?" என்று கேட்பவர்கள் உண்டு. ரத்தப்போக்கைக் குறைக்க அறுவையின்போது தொடையைச் சுற்றிக் காற்றடைத்த பட்டை ஒன்றை இறுக்குவார்கள். அது அழுத்திய தசை சில நாள் வலிக்கும். எல்லா மருத்துவர்களும் அந்தப் பட்டையைப் பயன்படுத்துவதில்லை என்பதால் எல்லோருக்கும் இந்த வலி வராது.

இரண்டாவது வாரத்தில் இன்னொரு பயம் வரும். கெண்டைக்காலும் கணுக்காலும் கருநீலமாகி, பிறகு பச்சையும் மஞ்சளுமாக மாறும். முழங்காலில் கசிந்த ரத்தம் தோலுக்கடியில் கீழ்நோக்கி இறங்கியதன் அடையாளம் அது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்குக் கூடுதலாகவே தெரியும். தானாக மறைந்துவிடும். தழும்புக்கு வெளிப்பக்கம் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்துப்போயிருப்பதும் சகஜம்தான். தோலுக்கு உணர்வு கொடுக்கும் சிறு நரம்பின் கிளைகள் வெட்டுக்கோட்டில் குறுக்கிடுவதால் அப்படி ஆகிறது. ஓராண்டில் அந்த மரப்பு சுருங்கும். சிலருக்கு ஓரளவு நிலைத்தும் போகும். நடக்கும்போது 'டக், டக்' என்று கேட்பது உலோகம் பிளாஸ்டிக்கைத் தொடும் சத்தம். சத்தத்தோடு வலியும் சேர்ந்து வந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முதல் நாள் ஏமாற்றும்

பெரும்பாலும் முதுகுத் தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துதான் அறுவை நடக்கிறது. அது சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். அதன் பிறகும் வலி தெரியாமலிருக்கத் தொடை நரம்பருகே 'பிளாக்' என்னும் ஊசி போடுவார்கள். மூட்டைச் சுற்றியும் மரக்கும் மருந்தைச் செலுத்துவார்கள். இவை ஒரு நாள் அளவுக்குத் தாங்கும். அதனால் முதல் நாள் மாலை நோயாளி தெம்பாக உட்கார்ந்து காபி குடிப்பார். வந்து பார்க்கிற சொந்தக்காரர்கள், "ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்காங்களே!" என்று வியந்துவிட்டுப் போவார்கள். மறுநாள் பிளாக் தெளிந்ததும் வலி மொத்தமாக வந்து இறங்கும். ஏதோ தவறாகிவிட்டது என்று குடும்பமே கலங்கிப்போகும். தவறு ஒன்றும் இல்லை. இரண்டாம், மூன்றாம் நாட்கள்தான் பலருக்கு உச்சம்.

இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பவர்கள் செய்வது ஒன்று உண்டு. "பிளாக் எப்போது தெளியும்?" என்று மயக்க மருத்துவரிடம் கேட்டுவைத்து, அந்த நேரத்துக்கு முன்பே வலி மாத்திரையைத் தொடங்கும்படி செவிலியரிடம் சொல்லிவிடுவார்கள். பிளாக் வேலை செய்துகொண்டிருக்கும்போது காலில் பிடிமானம் குறைவாக இருக்கும். வலிக்கவில்லையே என்று தனியாக எழுந்தால் கால் மடிந்து விழ நேரிடும். ஆள் துணையில்லாமல் கட்டிலைவிட்டு இறங்காதீர்கள்.

இரண்டு முழங்காலையும் ஒரே நாளில் மாற்றிக்கொள்வது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. செலவும் விடுப்பும் ஒரு தடவையோடு போகும் என்பது உண்மைதான். ஆனால் ஊன்றிக்கொள்ள நல்ல கால் என்று ஒன்று இருக்காது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிரதமராக இருந்தபோது வாஜ்பாய் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் மருத்துவர் சித்தரஞ்சன் ரணாவத் குழுவினரிடம் 2000 அக்டோபரில் இடது முழங்காலையும், 2001 ஜூனில் வலது முழங்காலையும் மாற்றிக்கொண்டார். நடுவே எட்டு மாதம். எது நல்லது என்பது வயது, இதயம், வீட்டு உதவி எல்லாவற்றையும் பொறுத்தது. இரண்டையும் சேர்த்துச் செய்துகொண்டவர்கள் முதல் மாதம் தூக்கிவிட ஆள் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு கால் மட்டும் செய்துகொண்டவரோடு உங்களை ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள்.

மாத்திரையைக் கடிகாரம் பார்த்துப் போடுங்கள்

வீடு திரும்பியதும் தொடங்கும் பேச்சு இது:

"அம்மா, எட்டு மணி மாத்திரை போட்டியா?"

"இப்ப வலிக்கலையேடா, எதுக்கு வீணா உடம்பைச் சூடாக்கிக்கிட்டு?"

பத்து மணிக்கு வலி ஏறும். பதினொன்றுக்கு அழுகை. அதன் பிறகு மாத்திரை போட்டால் அது வேலை செய்ய முக்கால் மணி நேரம் ஆகும். அதுவும் அரைகுறையாகத்தான் அடங்கும். பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைப்பது போலத்தான் இது. முதல் இரண்டு வாரம் வலி இருக்கிறதோ இல்லையோ, சீட்டில் எழுதிய நேரத்துக்கு மாத்திரை உள்ளே போக வேண்டும். வலிக்காமலிருப்பதற்குக் காரணமே முந்தைய மாத்திரைதான். இரண்டு வாரத்துக்குப் பிறகு, மருத்துவர் சொல்கிற வரிசையில் ஒவ்வொன்றாகக் குறைக்கலாம். வழக்கமாக முதலில் நிறுத்துவது வலுவான மருந்தை. பாராசிட்டமால் கடைசிவரை நிற்கும்.

சீட்டில் ஏன் இத்தனை மாத்திரை என்று மலைக்காதீர்கள். ஒவ்வொன்றும் வலியை வேறொரு வழியில் தடுக்கிறது. ஒன்றையே அதிகமாகக் கொடுப்பதைவிடப் பலவற்றைச் சிறு அளவில் சேர்த்துக் கொடுத்தால் பக்கவிளைவு குறையும் என்பதுதான் கணக்கு.

பாராசிட்டமால்தான் அடித்தளம். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் உச்ச வரம்பு. வயதானவர், உடல் மெலிந்தவர், கல்லீரல் கோளாறு உள்ளவர், மது குடிப்பவர் ஆகியோருக்கு மருத்துவர்கள் அதைவிடக் குறைவாகவே கொடுப்பார்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பல வலி மாத்திரைகளில் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. டிராமடால் கலவை மாத்திரையில் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் உண்டு. அசெக்ளோஃபெனாக் கலவையிலும் 325 உண்டு. ஒருவர் 1 கிராம் பாராசிட்டமால் மூன்று வேளையும், டிராமடால் கலவை மூன்று வேளையும் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே 3,975 மில்லிகிராம். அன்று மாலை உடம்பு கதகதவென்று இருக்கிறதே என்று வீட்டிலிருக்கும் டோலோ 650 ஒன்றைப் போட்டால் 4,625 ஆகிவிடும். வரம்பு தாண்டியது யாருக்கும் தெரியாது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணாடி போட்டுப் படியுங்கள். பேரன் பேத்தியைப் படிக்கச் சொன்னாலும் சரி.

அடுத்தது வீக்கத்தையும் வலியையும் சேர்த்துக் குறைக்கும் வகை: டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப். நன்றாக வேலை செய்யும். ஆனால் சிறுநீரகக் கோளாறு, இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், குடல்புண் இவற்றில் ஏதாவது இருந்தால் இவை ஆகாது. ரத்த அழுத்தத்துக்கு 'பிரில்' என்றோ 'சார்டன்' என்றோ முடியும் மாத்திரையும், நீர் பிரிய ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறவர் இந்த வகையையும் சேர்த்துக்கொண்டால் சிறுநீரகம் திடீரென்று தளரலாம். ரத்தம் உறையாமலிருக்க இரண்டிலிருந்து ஐந்து வாரம்வரை கொடுக்கும் மருந்தோடு சேரும்போது வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பும் கூடுகிறது. எனவே, மருந்துக்கடையில் "வலிக்கு ஏதாவது நல்லதா ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கத்தை இந்த மூன்று மாதமாவது விட்டுவிடுங்கள். கடைக்காரர் கொடுப்பது பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும். உங்கள் சீட்டில் ஏற்கெனவே அதில் ஒன்று இருந்தால் இரட்டைப் பங்கு ஆகிவிடும்.

வலுவான மருந்து டிராமடால். 2018-இல் இது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டதால் சீட்டில்லாமல் கிடைக்காது. தீர்ந்துபோகும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். குமட்டல், தலைசுற்றல், மலச்சிக்கல் மூன்றும் இதன் கூடப்பிறந்தவை. வலிப்பு நோய் இருந்தாலோ, மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டாலோ அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இரண்டும் டிராமடாலோடு ஒத்துப்போகாது. "மனசுக்கு மாத்திரை சாப்பிடுறேன்னு எப்படிச் சொல்றது" என்று கூச்சப்பட்டு ஆபத்தை வரவழைத்துக்கொள்ள வேண்டாம். சிலருக்கு பிரிகாபாலின் எழுதுவார்கள். அதனால் வரும் மயக்கம் வயதானவர்களை இரவில் தள்ளிவிடக்கூடும். அதை நினைத்த மாத்திரத்தில் நிறுத்தவும் கூடாது.

தோலில் ஒட்டும் புப்ரினார்ஃபின் பட்டையும் சிலருக்குக் கொடுக்கிறார்கள். ஏழு நாள் ஒட்டியிருக்கும் அந்தப் பட்டையின் மேல் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். சூடு பட்டால் மருந்து வேகமாக ரத்தத்தில் இறங்கி, தூக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் வரலாம். பழைய பட்டையை எடுக்காமல் புதியதை ஒட்டுவதும் அதே ஆபத்துதான்.

மலச்சிக்கல் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அறுவை செய்த காலுக்குத் தனி வேதனை. டிராமடால் தொடங்கும் அன்றே மலமிளக்கியையும் கேட்டு வாங்குங்கள். நிறையத் தண்ணீர், வாழைத்தண்டு, கீரை, ஊறவைத்த உலர்திராட்சை எல்லாம் கைகொடுக்கும்.

என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்று தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிவையுங்கள். வீட்டில் மூன்று பேர் மாறிமாறிப் பார்த்துக்கொள்ளும்போது, "நான் குடுத்துட்டேன்", "நீ குடுத்திருப்பேன்னு நினைச்சேன்" என்ற குழப்பம் வராது.

வலியைக் கேட்பது எப்படி

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி என்று மருத்துவமனையில் கேட்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அந்தக் கணக்கு ஒத்துவருவதில்லை. "பரவாயில்ல" என்பார்கள், அல்லது "உயிரே போகுது" என்பார்கள். நடுவில் எண் கிடையாது. பார்த்துக்கொள்பவர் வேறு மாதிரி கேட்க வேண்டும். ராத்திரி எத்தனை தடவை முழிப்பு வந்தது? படுக்கையில் குதிகாலை இழுத்து மடக்க முடிந்ததா? காலையில் எழுந்ததும் முதல் பத்து அடி எப்படி இருந்தது? இந்தப் பதில்களைக் குறித்துக்கொண்டு போனால் மருத்துவர் மருந்தைச் சரியாக மாற்ற முடியும். பூஜ்யம் முதல் பத்து ஒத்துவருகிறவர்களுக்கு ஒரு தோராயக் கணக்கு: சும்மா இருக்கும்போது மூன்று, நான்கைத் தாண்டக் கூடாது, பயிற்சியின்போது ஐந்து, ஆறுவரை போகலாம்.

ஐஸும் தலையணையும்

மருந்துக்கு அடுத்தபடியாக அதிகம் உதவுவது குளிர்ச்சி. ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மெல்லிய துண்டில் சுற்றி, முழங்காலின் இரு பக்கமும் மேலும் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். நாளைக்கு நான்கைந்து தடவை, முக்கியமாகப் பயிற்சி முடிந்ததும். நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. மரத்துப்போன தோலுக்கு ஐஸ் சுட்டாலும் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணில் படும். சர்க்கரை நோயால் காலில் உணர்வு குறைந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கால் உயரத்தில் இருந்தால்தான் வீக்கம் வடியும். ஸ்டூலில் கால் நீட்டி உட்கார்வது போதாது. படுத்துக்கொண்டு, பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். தலையணையைக் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் கீழே வையுங்கள். முழங்காலுக்குக் கீழே வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகத்தில் முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். முழுக்க நீளாத கால் வாழ்நாள் முழுவதும் நொண்டவைக்கும். ஒவ்வோர் அடிக்கும் தொடைத்தசை அசந்துபோகும். மடங்குவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், முதல் மாதத்தில் நீட்டுவதுதான் முக்கியம்.

பயிற்சியும் வலியும்

வலிக்கிறது என்று பயிற்சியைத் தள்ளிப்போட்டால் மூட்டு இறுகும். இறுகிய மூட்டு பிறகு இன்னும் வலிக்கும். அதனால் மருந்தையும் பயிற்சியையும் ஒன்றாகக் கோர்க்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் பத்து மணிக்கு வருகிறார் என்றால் ஒன்பதேகாலுக்கு மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்ததும் ஐஸ்.

விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். கெண்டைக்காலில் ரத்தம் தேங்காது. குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலின் பின்பக்கம் கட்டிலைத் தொடும்படி அழுத்தி ஐந்து வினாடி பிடியுங்கள். படுத்தபடியே குதிகாலை உட்கார்விடம் நோக்கி இழுத்து மடக்குங்கள். காலை நேராகத் தூக்கிப் பிடிப்பது இதன் பிறகு வரும். மற்றவற்றை உங்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார்.

மடக்கும்போது வருகிற இழுப்பு வலியும், குத்துகிற வலியும் வேறுவேறு. பின்தொடையிலும் முன்முழங்காலிலும் இழுத்துப் பிடிப்பது போல வந்து, விட்டதும் இறங்கிவிடுகிற வலி நல்லது. பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. மறுநாள் காலையில் வீக்கமும் சூடும் கூடியிருந்தால் முந்தின நாள் அளவுக்கு மீறிச் செய்துவிட்டீர்கள். பாதியாகக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். அழ அழக் காலைப் பிடித்து அமுக்கி மடக்குகிற முரட்டு வைத்தியம் வேண்டாம். பயந்துபோன தசை விறைத்துக்கொண்டு எதிர்க்கும். அப்படிச் செய்கிற பிசியோதெரபிஸ்டாக இருந்தால், மாற்றிக்கொள்வதில் தயங்காதீர்கள்.

இரண்டு வாரத்தில் ஏறக்குறைய 90 டிகிரி மடங்குவது நல்ல முன்னேற்றம். நாற்காலியிலிருந்து எழவும் மாடிப்படி இறங்கவும் அந்த அளவு வேண்டும். மூன்று மாதத்தில் பலரும் 110, 120 டிகிரியை எட்டிவிடுகிறார்கள். அறுவைக்கு முன்பே மடங்காமலிருந்த முழங்கால் அந்த அளவுக்கு வராமல் போகலாம். ஆறு வாரமாகியும் 90 டிகிரியை நெருங்கவில்லை என்றால் அறுவை செய்த மருத்துவரைப் பாருங்கள். மயக்கம் கொடுத்து மூட்டை அசைத்துத் தளர்த்தும் முறை ஒன்று இருக்கிறது, அதற்கும் காலக்கெடு உண்டு.

படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். கைத்தடியை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். தரையில் சம்மணமிடுவது, குந்துவது, இந்தியக் கழிவறை இவற்றை விட்டுவிடுங்கள். வீட்டில் மேற்கத்தியக் கழிவறை இல்லையென்றால் கமோடு நாற்காலியை அறுவைக்கு முன்பே வாங்கிவைப்பது நல்லது. வீட்டுக்கு பிசியோதெரபிஸ்டை வரவழைக்கப் பணம் இல்லாதவர்கள், தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள் என்பதால், அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

இரவு

பகலில் ஆள் வரும், போகும், டிவி ஓடும். இரவில் வலியும் நீங்களும் மட்டும்தான். இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம்வரை தூக்கமின்மைதான் பெரும்பாலோரின் முதல் புகார். காலை எப்படி வைத்தாலும் சரியாக வராது. பகல் தூக்கத்தை அரை மணி நேரத்தோடு நிறுத்துங்கள். மாலைக்குப் பிறகு காபி வேண்டாம். இரவு மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டுவிடாமல், படுக்கப் போகும் நேரத்துக்குத் தள்ளிவைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். படுக்கும் முன் ஒரு தடவை ஐஸ். ஒருக்களித்துப் படுக்க மருத்துவர் அனுமதித்தால், இரண்டு கால்களுக்கும் நடுவில் தலையணை வையுங்கள். தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பதைவிட, துணையோடு எழுந்து கூடத்தில் நாலு நடை நடந்துவிட்டு வந்து படுப்பது பலருக்கு உதவுகிறது. வழியில் விளக்கு எரியட்டும். தரையில் மிதியடி, ஒயர் எதுவும் கிடக்கக் கூடாது.

மனச் சோர்வும் இந்தக் காலத்தில்தான் வரும். "ஏன்தான் பண்ணிக்கிட்டேனோ" என்று அழுகிற அம்மாவிடம் "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோகாதீர்கள். போன வாரம் வாக்கர், இந்த வாரம் கைத்தடி என்று நடந்த மாற்றத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

எண்ணெயும் சூப்பும்

ஊர் பாசத்தோடு சொல்லும் வைத்தியங்கள் வீடு தேடி வரும். நொச்சி இலை ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், வெந்நீர் ஒத்தடம் எல்லாம் பழைய தேய்மான வலிக்கு இதமாக இருந்திருக்கலாம். புதுக் காயத்தில் சூடு வைத்தால் வீக்கம் கூடும். மரத்த தோல் வெந்துபோகும். முதல் சில வாரம் சூடே வேண்டாம். எண்ணெய் தேய்ப்பது, உருவிவிடுவது, நாட்டுக் கட்டு போடுவது எதையும் தைத்த இடத்தின் அருகில் அனுமதிக்காதீர்கள். கெண்டைக்காலை அழுத்தி உருவுவது குறிப்பாக ஆபத்து. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். காயம் முழுக்க ஆறி, பொருக்கு உதிர்ந்து, மருத்துவர் பார்த்துச் சரியென்ற பிறகு தழும்பில் தேங்காய் எண்ணெய் தடவி விரலால் மெல்லத் தேய்க்கலாம். தோல் இளகும், இழுப்பு குறையும்.

ஆட்டுக்கால் சூப்பும் கொல்லிமலை முடவாட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும் பிடித்தால் சாப்பிடுங்கள். உலோக மூட்டுக்கு அவை எதுவும் செய்யப்போவதில்லை. வாய்க்கு ருசியாக இருக்கும். காயம் ஆறத் தேவையான புரதத்துக்கு முட்டை, மீன், பருப்பு, தயிர் போதும். சூரணம், லேகியம் என்று உள்ளே சாப்பிடுகிற எதையும், ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து முடியும்வரை, மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

எந்த வலிக்கு ஓட வேண்டும்

கெண்டைக்காலில் புதிதாக வலி, காலை மணிக்கணக்கில் உயர்த்தி வைத்தும் வடியாத வீக்கம்: அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம்: உடனே 108. விழுந்த பிறகு காலை நேராகத் தூக்க முடியவில்லை என்றால் நடக்கவைத்துப் பார்க்காதீர்கள். பாதத்தை மேலே மடக்க முடியாமல் தொங்கினாலோ, கட்டு இறுகி விரல்கள் குளிர்ந்து நீலம் பாய்ந்தாலோ இரவு என்றும் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று மெதுவாக வரும். குறைந்துகொண்டே வந்த வலி ஒரு நாள் திரும்பி ஏறத் தொடங்கும்; காயத்தின் ஓரம் சிவந்து பரவும்; கசிவு நிற்காது; 101 டிகிரியைத் தொடும் காய்ச்சல், குளிர் நடுக்கம். தொற்று என்று சந்தேகிக்க இவையே போதும். முழங்கால் சில மாதம் கதகதப்பாக இருப்பது சகஜம். சிவப்பு பரவுவது சகஜமல்ல. இந்த நிலையில் மருந்துக்கடையிலோ பக்கத்து கிளினிக்கிலோ ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். மூட்டிலிருந்து நீர் எடுத்து எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கும் முன் மாத்திரை உள்ளே போனால் சோதனையில் கிருமி அகப்படாது. தொற்று உள்ளே பதுங்கிவிடும். அறுவை செய்த மருத்துவரிடமே நேராகப் போங்கள்.

மூன்று மாதத்துக்குப் பிறகும் வலித்தால்

பெரும்பாலோருக்கு மூன்றாவது மாதத்தில் பழைய வலி நினைவாகிவிடும். வீக்கமும் விறைப்பும் ஓராண்டுவரை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே இருக்கும். ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் வலி தங்கிவிடுகிறது. அறுவைக்கு முன் இதை மருத்துவர்கள் சொல்லிவிட வேண்டும், பலர் சொல்வதில்லை. "எக்ஸ்ரேயில் எல்லாம் நன்றாக இருக்கிறது" என்ற பதிலோடு திரும்பி வரும் நோயாளிகள் தங்கள்மீதே சந்தேகப்படத் தொடங்குகிறார்கள்.

எக்ஸ்ரேயில் தெரியாத காரணங்கள் இருக்கின்றன. அடங்கியிருக்கும் தொற்று, பக்கவாட்டுத் தளர்வு, முழங்கால் சில்லின் உராய்வு ஆகியவை மூட்டில் உள்ளவை. இடுப்பு மூட்டுத் தேய்மானமும் முதுகுத் தண்டில் நசுங்கிய நரம்பும் முழங்காலில் வலிப்பது போலவே காட்டும். புடவை பட்டாலே எரிகிறது, மின்சாரம் பாய்வது போல இருக்கிறது என்றால் அது நரம்பு வலி. அதற்கு மருந்து வேறு. சாதாரண வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம்தான் கெடும். பல வருடம் நன்றாக இருந்த மூட்டு புதிதாக வலித்தாலும் தொற்றும் தளர்வும் இருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும்.

சிலருக்கு "மறுபடியும் ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாம்" என்று சொல்லப்படும். என்ன காரணத்தால் வலிக்கிறது, அதை எந்தச் சோதனை காட்டியது, மறு அறுவை அதில் எதைச் சரிசெய்யும் என்று கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய எக்ஸ்ரேக்கள், பொருத்திய மூட்டின் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள். காரணம் தெரியாமல் செய்கிற மறு அறுவை வலியைத் தீர்ப்பது அரிது.